ஐந்து வாரப் புண் (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். வயது 41. நாக்கின் இடது ஓரத்தில் ஐந்து வாரமாக ஒரு புண். பெரிதாக வலி இல்லை, காரம் பட்டால் எரியும், அவ்வளவுதான். மெடிக்கலில் ஜெல் வாங்கித் தடவினேன். பி காம்ப்ளெக்ஸும் சாப்பிட்டாயிற்று. எட்டு வருடம் பாக்கு போட்டேன். புகையிலை கலக்காத பாக்குதான், அதையும் விட்டு ஆறு மாதமாகிறது. ராத்திரி எல்லோரும் தூங்கியபின் செல்போன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்க்கிறேன். அப்புறம் இணையத்தில் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு விடியவிடியத் தூக்கமில்லை. மனைவிக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் நாக்கில் புண் வந்து ஆறியதாக எழுதியிருந்தீர்கள். இதுவும் ஆறிவிடும்தானே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

ஆறிவிடும் என்று நான் சொல்ல முடியாது. புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது. வாயைத் திறந்து பார்க்காமல் டாக்டரே சொல்லமாட்டார், நான் கதை எழுதுகிறவன்.

அந்தக் கட்டுரையில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். சிரிப்பு வரவேண்டும் என்பதற்காக, வீட்டில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலுமாக என்னைப் படுத்தியதை எழுதிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டேன். நானும் ஒரு மாதம் டார்ச்சும் கண்ணாடியுமாக இருந்தவன்தான். கடைசியில் பல் டாக்டரிடம் போனேன். அவர் நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இழுத்து, புண்ணின் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தார், கெட்டிப்பட்டிருக்கிறதா என்று. தாடைக்கு அடியிலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவினார். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து, அதன் முனை நாக்கை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அதை ராவிவிட்டு, "இரண்டு வாரம் கழிச்சு வாங்க. ஆறலைன்னா கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்" என்றார். எனக்கு ஆறிவிட்டது. கட்டுரையில் வந்திருக்க வேண்டியது அந்த இரண்டு வாரக் கணக்குதான், கீரை வந்துவிட்டது.

சூட்டினாலும் சத்துக் குறைவினாலும் வருவதாக நாம் சொல்லும் சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று வலிக்கும், பெரும்பாலும் பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அதே இடத்தில் நிற்கிற புண்ணை ஒருவரிடம் காட்டியாக வேண்டும். உங்களுடையது ஐந்து வாரம். வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஆறுதல் தேடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பல சமயம் வலிக்காது. எங்கள் அத்தை கன்னத்தில் புகையிலை அதக்கிய இடத்திலேயே புண் வந்து, வலிக்கவில்லை என்பதற்காக எட்டு மாதம் வயிற்றுச் சூடு என்று மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாயில் இரண்டு விரல்கூட நுழையவில்லை. தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

பாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புகையிலை கலக்காவிட்டால் ஒன்றும் செய்யாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே பாக்கை, தனிப் பாக்கையே, புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விட்டது நல்ல காரியம். ஆனால் எட்டு வருடக் கணக்கு ஆறு மாதத்தில் நேராகிவிடாது. போகும்போது டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். வாய் முன்போல அகலத் திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் யாரும் புற்றுநோய் என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க' என்பார்கள், குரலைத் தாழ்த்தி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954ல் அடையாற்றில் அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். குணமாக்கத்தான் தொடங்கினார். நாம் ஊர்ப் பெயரையே நோயின் பெயராக்கிவிட்டோம்! உங்கள் ராத்திரிப் பயத்தில் பாதி அந்தத் தாழ்ந்த குரல்தான். நாக்குப் புற்று சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டால் பலருக்கு அந்த இடத்தை வெட்டி எடுத்துக் குணமாக்கிவிடுகிறார்கள்.

சரி, எங்கே போவது? பல் டாக்டர் போதும், அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவு போதும், காது மூக்கு தொண்டை டாக்டரும் பார்ப்பார். பயாப்சி என்று சொன்னால், 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று ஊரில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பரவாது. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசியளவு சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். முடிவு வர ஒரு வாரம்போல ஆகும். அந்த வாரம்தான் கஷ்டம். அதற்காகவாவது மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். தையல் போட்ட நாக்கோடு ரசம் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஆறின கஞ்சி கேட்டால், எப்படியும் காரணம் கேட்கத்தான் போகிறார்.

போய்வந்து ஒரு வரி எழுதுங்கள்.