நத்தையின் ஓடு உடைந்தால் பசை வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள்

கேள்வி: எங்கள் மீன் தொட்டி 40 லிட்டர். கப்பி, மோலி மீன்களோடு ஒரு மஞ்சள் மிஸ்டரி நத்தையும் இருக்கிறது. நான்கு நாளுக்கு முன் இரவில் தொட்டியை விட்டு ஏறி டைல்ஸ் தரையில் விழுந்துவிட்டது. காலையில்தான் பார்த்தோம். ஓட்டின் முதுகில் மிளகு அளவுக்கு ஒரு துளை. வாய் ஓரத்திலும் சிறு துண்டு போய்விட்டது. நுனிப் பகுதி சில மாதங்களாகவே வெளுத்து அரித்துப்போய் இருந்தது. இப்போதும் ஊர்கிறது, சாப்பிடுகிறது. போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஃபெவிக்விக் வைத்துத் துளையை அடைக்கலாமா? வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா? மகள் தினமும் அழுகிறாள்.
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முதலில் மகளிடம் சொல்லுங்கள், விழுந்து நான்கு நாள் கழித்தும் ஊர்ந்து சாப்பிடுகிற நத்தை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒட்டவும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். மாற்ற வேண்டியது நீங்கள் ஊற்றுகிற தண்ணீரை.

நத்தையின் ஓடு நம் நகம்போல உயிரற்ற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. ஓட்டுக்கு உட்புறம் மேன்டில் என்ற மெல்லிய சதைப்போர்வை இருக்கிறது. ஓட்டைக் கட்டுவது அதுதான். ஓட்டின் வாய் ஓரத்தில், அதாவது நத்தை வெளியே வரும் திறப்பின் விளிம்பில், புதுப் பகுதியைச் சேர்த்துக்கொண்டே போவதும், உட்புறத்தில் சேதம் வந்தால் அங்கே அடைப்பதும் அதன் வேலை. முதலில் புரதத்தால் ஆன ஒரு மெல்லிய ஏடு படியும். பிறகு அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிந்து இறுகும். கொத்தனாருக்குச் செங்கல் வேண்டும் அல்லவா? கால்சியத்தைத் தண்ணீரிலிருந்தும் உணவிலிருந்தும்தான் அது எடுத்தாக வேண்டும்.

இங்கேதான் ஆர்.ஓ. தண்ணீரின் பிரச்சினை வருகிறது. அந்த வடிகட்டி கால்சியத்தோடு பைகார்பனேட்டையும் எடுத்துவிடுகிறது. பைகார்பனேட் இல்லாத தண்ணீர் அமிலத்தைத் தாங்காது. மீன் கழிவைத் தொட்டியின் பாக்டீரியா சிதைக்கும்போது அமிலம் உண்டாகிறது; அமில-கார அளவைக் காட்டும் பிஎச் மெல்ல மெல்ல 7க்குக் கீழே இறங்குகிறது. அப்போது ஓடு கரையத் தொடங்கும். நுனிதான் ஓட்டின் மிகப் பழைய பகுதி. ஓட்டை மூடியிருக்கும் மேல்தோல் தேய்ந்ததும் தண்ணீர் அங்கேதான் முதலில் கடிக்கிறது. சில மாதங்களாக நீங்கள் பார்த்த வெளுப்பு அதன் அடையாளம். மெலிந்த ஓடு என்பதால்தான் ஒரு விழுதலிலேயே துளை விழுந்திருக்கும்.

உங்கள் போர் தண்ணீரைக் கொஞ்சம் வாயில் வைத்துப் பாருங்கள். நம் பேச்சில் ‘உப்புத் தண்ணி’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு தண்ணீரைக் குறிக்கிறது. ஒன்று, நிஜமாகவே உப்புக் கரிப்பது. மற்றொன்று, கரிக்காது, ஆனால் சுடவைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது. அதுதான் கடினநீர். சமையலறையில் நாம் திட்டுகிற அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், உங்கள் நத்தைக்கு வேண்டிய அதே பொருள். கப்பிக்கும் மோலிக்கும்கூட கடினநீர்தான் ஒத்துப்போகும். ஆக, உங்கள் தொட்டியில் இருக்கிற ஒருவருக்கும் ஆர்.ஓ. தண்ணீர் தேவையில்லை.

உங்களுடையது இரண்டாவது வகை என்றால் ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். அந்த அதிர்ச்சியை மீனும் நத்தையும் தாங்காது. மூன்று நாளுக்கு ஒருமுறை 8 லிட்டர் எடுத்துவிட்டு, அதே வெப்பநிலையில் 8 லிட்டர் போர் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்தாவது முறை முடியும்போது தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு போர் தண்ணீராகியிருக்கும். மீன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து சோதனைப் பெட்டியில் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) 8க்கு மேலும், கேஎச் (பைகார்பனேட்டின் அளவு) 4க்கு மேலும், பிஎச் 7.2க்கும் 8க்கும் இடையிலும் வந்தால் போதும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்குச் சுமார் 140 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎச் 8 என்பது அதுதான். நிஜமாகவே கரிக்கிற தண்ணீர் என்றால் ஆர்.ஓ.வையே தொடருங்கள். ஆனால் சென்னைக் கொளத்தூர் போன்ற வளர்ப்பு மீன் சந்தைகளில் கிடைக்கும் பவளத் துண்டுகளை ஒரு கைப்பிடி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒன்று: கடினநீரை மென்மையாக்கும் சாஃப்டனர் வழியாக வரும் குழாய்த் தண்ணீரில் கால்சியம் போய்ச் சோடியம் ஏறியிருக்கும். நத்தைக்கு அதுவும் உதவாது.

வெற்றிலைச் சுண்ணாம்பை நினைக்கவே வேண்டாம். அது கால்சியம் ஹைட்ராக்சைடு. அதன் தெளிநீரின் பிஎச் 12ஐத் தாண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகையே பிஎச்சை எகிறவைத்து எல்லா உயிரையும் சுட்டுவிடும். அதற்குப் பதில் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ என்று கேளுங்கள். கணவாய் மீனின் ஓடு அது. லவ் பேர்ட்ஸ் கூண்டில் மாட்டுவதும் இதுதான். சாயமோ மணமோ சேர்க்காததாகப் பார்த்து வாங்கி, உள்ளங்கை நீளத்தில் பாதி உடைத்து, கல்லோடு கட்டித் தொட்டியில் அமிழ்த்துங்கள். நத்தை அதன்மேல் ஏறி உட்கார்ந்து சுரண்டித் தின்னும். மகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், பார்க்க அழகாக இருக்கும்.

உணவில் கீரை கொடுத்தாலே கால்சியம் வந்துவிடும் என்று நம்பிப் பாலக்கீரையை மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்த பீன்ஸ், வெள்ளரி, பூசணி கொடுங்கள். ஓட்டின் அடிப்படை ஏடு புரதம் என்பதால், கீழே அமிழும் மீன் தீவனமும் ஒன்றிரண்டு துண்டு வேண்டும். தின்னாமல் மிஞ்சியதை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். காயம் திறந்திருக்கும்போது அழுக்குத் தண்ணீர் கூடாது.

இனி அந்தத் துளை. விளக்கை அருகே பிடித்து உள்ளே பாருங்கள். ஈரமான தோல் கிழியாமல் தெரிகிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள். சில நாளில் அங்கே கண்ணாடித்தாள்போல ஓர் ஏடு தெரியும். சில வாரங்களில் வெள்ளையாக இறுகும். மஞ்சள் நிறம் அந்த இடத்தில் திரும்பாது. நிறமும் மேல்தோலும் வாய் ஓரத்தில் மட்டுமே உருவாகின்றன. நுனியின் அரிப்பும் ஆறாது, மேலும் பரவாமல் நிற்கும், அவ்வளவுதான். வாய் ஓரத்தில் போன துண்டுதான் எல்லாவற்றையும்விட வேகமாக வளரும். புதிய ஓரம் காகிதம்போல இருக்கும் என்பதால் அந்த இடத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். முதுகைப் பிடித்து, கண்ணாடியிலிருந்து பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி எடுங்கள்.

ஒட்டுப்போடுவது விரல் நகம் அளவுக்கு மேல் பெயர்ந்துபோன ஓட்டுக்கு மட்டும். அப்போதும் முட்டை ஓட்டின் ஒரு துண்டைத் துளைக்கு மேல் மூடி, சுற்றியுள்ள காய்ந்த ஓட்டில் மட்டுமே பசை பட வேண்டும். ஒரு சொட்டு சதையில் பட்டாலும் புண்ணாகும். உங்கள் நத்தைக்கு அதனால் தீமையே அதிகம்.

இரண்டு வாரத்துக்கு அதைத் தொட்டிக்குள்ளேயே தொங்கும் வலைப்பெட்டியில் வைத்தால், மீன்கள் கொத்தாது, மறுபடி விழவும் முடியாது. வெள்ளைப்புள்ளி நோய்க்கான மீன் மருந்து எதையும் இப்போது ஊற்றாதீர்கள். பலவற்றில் செம்பு இருக்கும், நத்தைக்கு அது விஷம்.

பகல் முழுக்க அசையாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம், ஓய்வெடுக்கும். ஓட்டின் வாயை நத்தை மூடிக்கொள்ளும் மூடி தளர்ந்து தொங்க, மூக்கைப் பொத்தும் நாற்றம் வந்தால் மட்டும் இறந்துவிட்டது என்று பொருள். உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அம்மோனியா ஏறி மீன்களும் போகும். சதை ஓட்டிலிருந்து பிரிந்து வெளியே தொங்கினாலும் நிலைமை மோசம்.

அது ஏன் வெளியே ஏறியது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிக்காமல் ஏறியிருக்கலாம். பெண் நத்தை என்றால் முட்டையிட ஏறியிருக்கலாம். மிஸ்டரி நத்தை தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் முட்டையிடும். தண்ணீரை நான்கு விரல் குறைத்து, தொட்டியின் மேல் காற்றுப் போகும் மூடி ஒன்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள். வலைப்பெட்டியிலிருந்து நத்தையை எடுப்பது அதற்குப் பிறகுதான்.