டீசல் படகுக்கு இருக்கட்டும்

அன்புள்ள ஐயா,
களுவாஞ்சிக்குடியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறேன். வண்டி பழசாகிவிட்டது; மின்சார வண்டி வாங்கச் சொல்கிறான் மகன். நுரைச்சோலையில் நிலக்கரி எரித்துத்தானே அந்த மின்சாரமும் வருகிறது? எண்ணெயை விட்டு நிலக்கரிக்குப் போவதில் என்ன இலாபம்? எண்ணெய் இல்லாமல் இந்த நாடு ஓடுமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இலங்கையே எரிபொருள் இல்லாமல் தவித்த 2022 ஜூலையில் நீங்களும் பெற்றோல் வரிசையில் நின்றிருப்பீர்கள். கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர். அதை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பம் பிழைக்கும்? ஆனால் என் கண்ணில் நிற்பது மண்ணெண்ணெய் வரிசை. எங்கள் ஊர்ப் பெற்றோல் செட் வாசலில் ஆட்கள் இல்லை, வெற்றுக் கேன்கள் நின்றன. யாரும் இடையில் புகாதபடி கைப்பிடிகளுக்குள்ளால் நைலோன் கயிறு கோத்திருந்தார்கள். கேன்காரர்கள் எதிர்க்கடைத் திண்ணையில் படுத்திருந்தார்கள். பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். அந்த ஆகஸ்டில் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ஆனது.

ஒரு சொட்டு எண்ணெயும் நம் மண்ணில் எடுப்பதில்லை. டொலர் இல்லையென்றால் கப்பல் இல்லை. சபுகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையமே அப்போது மசகு (கச்சா) எண்ணெயின்றி மூடிக் கிடந்தது.

நிலக்கரி பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. பெற்றோல் வண்டியில் எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழக் காற்பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி சூடாக வீணாகிறது. மின்மோட்டாரில் முக்கால் பங்குக்கு மேல் சக்கரத்துக்குப் போகும். ஆனால் நிலக்கரி நிலையத்திலும் மூன்றில் இரண்டு பங்கு சூடாகவே போய்விடுவதால், முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினால் மிச்சம் சொற்பம்தான். நம் கம்பியில் வருவதோ நிலக்கரி மட்டுமல்ல. நல்ல மழை பெய்த ஆண்டில் ஏறத்தாழப் பாதி மின்சாரம் நீரிலும் காற்றிலும் வெயிலிலும் கிடைக்கிறது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சி, கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. வெயிலை அணைத்துவைத்துவிட்டு எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

அதனால் எந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். உச்சி வெயிலில், சவாரி குறைந்து நீங்கள் சாப்பிட்டுச் சாயும் நேரத்தில் ஏற்றுங்கள். மாலை ஆறரைக்குப் பிறகு வேண்டாம்; ஊரெல்லாம் விளக்கேற்றும் அந்த நேரத்துக்குத்தான் எண்ணெயில் ஓடும் மின்நிலையங்களையும் இயக்குகிறார்கள்.

எல்லா வண்டிக்கும் இதைச் சொல்லமாட்டேன். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பல நாள் கடலில் கிடக்கப் போகும் படகைப் பாருங்கள். ஒரு கிலோ டீசலில் உள்ள சக்தியைச் சேமிக்க இன்று ஐம்பது கிலோ மின்கலமாவது வேண்டும். அதை ஏற்றினால் மீனை எங்கே வைப்பது? அம்பாறை வயலில் இராப்பகலாக ஓடும் அறுவடை இயந்திரத்துக்கும் கம்பி எட்டாது. டீசல் அவர்களுக்கு இருக்கட்டும். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையிலுள்ள சுமார் 40 கிலோமீற்றரில் ஓடும் நம் பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் மோட்டார் சைக்கிளும் அந்த டீசலுக்கும் பெற்றோலுக்கும் போட்டி போட வேண்டியதில்லை. ஊருக்குள் சைக்கிளே போதும். ஒரு காலத்தில் மட்டக்களப்பே சைக்கிளில்தான் போய்வந்தது.

ஒரு வாரம் மீற்றரைப் பார்த்து, நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று எழுதிவையுங்கள். விற்பவரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: ஒருமுறை ஏற்றினால் ஆளேற்றிய வண்டி எவ்வளவு தூரம் போகும், மின்கலத்துக்கு எத்தனை வருட உத்தரவாதம், பழுதானால் மட்டக்களப்பிலேயே பார்க்க ஆள் உண்டா. மூன்றாவதற்குச் சரியான பதில் இல்லையென்றால் இந்த வருடம் பொறுங்கள். இருந்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

அன்புடன்.