எண் எங்கே இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார்? மொபைல் நெட்வொர்க் கேள்வி பதில்

கேள்வி: என் போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று நெட்வொர்க் நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்குமா?

பேசாமல், டேட்டாவும் ஓடாமல் போன் சும்மா கிடக்கும்போது அப்படிப் பார்ப்பதில்லை. பல செல்களை (ஒரு டவர் ஆன்டெனா சிக்னல் தரும் பரப்புதான் செல்) சேர்த்து ஒரு பகுதியாக வைத்திருப்பார்கள், நீங்கள் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்பது மட்டும்தான் பதிவில் இருக்கும். ஒவ்வொரு செல்லும் தன் பகுதியின் குறியீட்டை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அது மாறியதும் போனே "இங்கே வந்துவிட்டேன்" என்று தெரிவிக்கும். நகராமல் இருந்தாலும் அவ்வப்போது தெரிவிக்கும், 4ஜியில் இதற்கான இயல்பு அளவு 54 நிமிடம். உங்களுக்கு அழைப்பு வந்தால் அந்தப் பகுதியின் எல்லா செல்களிலும் உங்களைக் கூப்பிடுவார்கள், இதுதான் பேஜிங். போன் பதில் கொடுத்த பிறகுதான் எந்த செல் என்றே தெரியும்.

பகுதியைப் பெரிதாக்கினால் பேஜிங் சுமை ஏறும், சிறிதாக்கினால் போன்கள் ஓயாமல் தகவல் அனுப்பி பேட்டரியைத் தின்னும். ரயில் பாதை ஒரு எல்லையை வெட்டிக்கொண்டு போனால், ரயிலில் இருக்கும் அத்தனை போன்களும் ஒரே சமயத்தில் பதிவு செய்ய வரும், அந்த நேரத்தில் இந்தப் பதிவுத் தகவல்களின் (சிக்னலிங்) சுமை எகிறிவிடும். 4ஜியில் ஒரு போனுக்கு 16 பகுதிகள் வரை பட்டியலாகக் கொடுத்துவிடலாம், பட்டியலுக்குள் எங்கே போனாலும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த தீர்வு இது.

கேள்வி: சிம் தொலைந்தால் எண்ணும் போய்விடுமா?

போகாது. சிம்மில் இருக்கும் முக்கிய அடையாளம் ஐ.எம்.எஸ்.ஐ., அதிகபட்சம் 15 இலக்கம்: முதல் 3 நாட்டுக்கு, அடுத்த 2 அல்லது 3 நிறுவனத்துக்கு, மீதி உங்களுக்கு. பத்து பேரிடம் கொடுத்து வைத்திருக்கும் உங்கள் எண், நிறுவனத்தின் எச்.எல்.ஆர். என்ற பதிவேட்டில் அந்த அடையாளத்தோடு கோர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. புது சிம் வாங்கினால் அந்தக் கோர்வையை மாற்றுகிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வெளிநாட்டில் நானும் நண்பரும் ரோமிங்கில் இருக்கிறோம். பக்கத்து அறையிலிருந்து அவர் அழைத்தாலும் எனக்கும் ஏன் கட்டணம்?

2ஜி, 3ஜி முறையில் அழைப்பு முதலில் உங்கள் சொந்த நாட்டுக்குப் போகும். அங்கே எச்.எல்.ஆர்., நீங்கள் இப்போது இருக்கும் நெட்வொர்க்கிடம் கேட்டு ஒரு தற்காலிக ரோமிங் எண் வாங்கும், அந்த எண்ணுக்குத்தான் அழைப்பு திரும்பி வரும். அழைப்பு சேர்ந்த உடனே அந்த எண்ணை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆக, பக்கத்து அறைக்கு இரண்டு சர்வதேசப் பயணம். திரும்பி வரும் பாதிக்கு நீங்கள் கட்டுகிறீர்கள்.

கேள்வி: எண்ணின் தொடக்கத்தை வைத்து எந்த நிறுவனம் என்று சொல்லலாமா?

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி வந்த இடங்களில் நம்ப முடியாது. பல நாடுகளில் அழைப்பை அனுப்புவதற்கு முன் ஒரு தரவுத்தளத்தில் தேடித்தான் இப்போது எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

கேள்வி: ஆளுக்கு ஒரே எண், எந்தக் கருவியிலும் அதே எண், இது நடக்குமா?

பழைய கனவு இது. யு.பி.டி. என்ற பெயரில் ஐ.டி.யூ. (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) இதற்கென்றே +878 என்ற குறியீட்டை ஒதுக்கியது, ஆனால் பரவவில்லை. இப்போது ஐ.எம்.எஸ். (அழைப்புகளை இணைய முறையில் நடத்தும் அமைப்பு) வழியாக ஒரே எண்ணில் பல கருவிகளைப் பதிவு செய்யலாம், அதனால்தான் கைக்கடிகாரமும் போனும் சேர்ந்து மணியடிக்கின்றன.

கேள்வி: அணைத்து வைத்த போனுக்கு அடித்தால் உடனே அறிவிப்பு வருகிறது, சில சமயம் வெகுநேரம் மௌனமாக இருக்கிறதே?

முறையாக அணைத்தால் போன் "போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். பேட்டரியைச் சட்டென்று பிடுங்கினாலோ சிக்னலே இல்லாத இடத்துக்குள் நுழைந்தாலோ அதைச் சொல்ல வழியில்லை, நெட்வொர்க் பழைய இடத்திலேயே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் கேட்கும் மௌனம் அதுதான்.