வோட்டர் புரூஃபுக்கு ஒரே தொகையா?

கேள்வி: மாடியில்லாத வீடு கட்டுகிறோம். முன்பக்கம் 20 அடிக்கு 12 அடி கொங்கிறீற் தட்டு, மற்றதெல்லாம் ஓடு. அத்திவாரம், இரண்டு குளியலறை, தட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘வோட்டர் புரூஃப்’ என்று கொந்தராத்துக்காரர் ஒரே தொகை போட்டிருக்கிறார். கேட்டால் “எல்லாம் அடங்கும்” என்கிறார். எதைக் குறைக்கலாம்?
– வாசகி, மல்லாவி

பதில்: இப்போதே விலை பேசப் போகாதீர்கள், தங்கச்சி. என்ன அடங்கும் என்று தெரியாத தொகையைக் குறைத்தால் அவர் வேலையில் குறைத்துவிடுவார். முதலில் இடம் இடமாகப் பிரித்து, சதுர அடிக் கணக்கில் எழுதி வாங்குங்கள்.

அத்திவாரத்தில் கை வைக்க வேண்டாம். மண்ணிலிருந்து ஈரம் சுவரில் ஏறாமல் அத்திவாரத்துக்கு மேல் போடுகிற தடுப்புப் படைதான் டீ.பீ.சீ. அதற்குச் செலவு கொஞ்சம்தான், சுவர் எழும்பின பிறகு அதைப் போடுவது பெரும்பாடு. குறைக்கலாம் என்றால் குளியலறையில்தான், கீழே அறை இல்லை, மண்தானே. சீமெந்து வகைப் பூச்சு இரண்டு தரம் போதும். ஆனால் மூலைகள், குழாய் வரும் இடங்கள், அப்புறம் ஷவர் பக்கச் சுவர் 6 அடி உயரத்துக்கு, அதுவும் மறுபக்கம் படுக்கையறை என்றால் கட்டாயம்.

தட்டில்தான் ஆட்கள் ஏமாறுவது. 20 தர 12, 240 சதுர அடி என்று நினைப்பீர்கள். பூச்சு தரையோடு நின்றால் சுவர் மூலையால் தண்ணி இறங்கும், அதனால் சுற்றிவர ஒரு அடி சுவரில் ஏற்ற வேண்டும். சுற்றளவு 64 அடி, ஆக மொத்தம் 304. எழுதாமல் விட்டால் இந்த 64தான் பிறகு ‘எக்ஸ்ட்ரா’ என்று வரும். வெடிப்பு அடைப்பதும் தண்ணி ஓட வாட்டம் (சரிவு) எடுப்பதும் யார் கணக்கு என்பதையும் இப்போதே கேளுங்கள். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது வாட்டம் இல்லாமல் தண்ணி தேங்கினால், எவ்வளவு விலையான பூச்சும் நெடுக நிற்காது. எங்கள் வெயிலில் தட்டு விரிந்து சுருங்கும், ஆகவே மேலே வளைந்து கொடுக்கிற, வெயில் தாங்கும் வகையாகக் கேளுங்கள். காசை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

வேலையை ஆவணிக்குள் முடியுங்கள், தட்டு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பூச்சு இறுகின பிறகு, மேலே சாந்தோ ரைல்ஸோ போடுமுன், தண்ணி இறங்கும் குழாய் வாயை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணி கட்டி 24 மணித்தியாலம் விட்டு, கீழே நின்று பாருங்கள். பத்தில் ஒரு பங்கு காசை மார்கழி மழை முடிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கொந்தராத்துக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.