எங்கள் வீட்டருகே உள்ள சிறிய ஏரியில் தூண்டில் போட்டால் மீன் கிடைக்குமா?

செங்கல்பட்டுப் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், பக்கத்து ஏரியில் எந்த மாதத்தில் தூண்டில் போடலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே மாவட்டத்து ஏரிக்கரைகளில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீன் கிடைக்கும். ஆனால் எந்த மீன் கிடைக்கும் என்பதை, சென்ற கோடையில் அந்த ஏரி எந்த அளவுக்கு வற்றியது என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

அடியோடு வற்றிய ஏரியில் எஞ்சுபவை பெரும்பாலும் விராலும் குரவையும்தான். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு அவற்றுக்கு இருப்பதால், ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடந்தாவது அடுத்த மழை வரை உயிர் பிழைத்துவிடும். கெண்டை, கெளுத்தி போன்றவை, வடகிழக்குப் பருவமழையில் மேல் ஏரியின் கலங்கல் (மிகுநீர் வெளியேறும் இடம்) வழிந்து வாய்க்கால் ஓடும்போதுதான் வந்து சேரும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஏரி நிரம்பித் ததும்பினாலும், நீர் கலங்கியும் மீன் பரந்தும் இருப்பதால் தூண்டிலுக்கு அது நல்ல காலமன்று. நீர் தெளிந்து, பாசனத்துக்குத் திறந்துவிட்டுப் பரப்பு சுருங்கத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களையே நான் நம்புவேன்.

ஏரி ஆண்டு முழுவதும் வற்றாமல் இருந்தால், உங்கள் தூண்டில் முள்ளில் அதிகம் மாட்டப்போவது ஜிலேபிக் கெண்டைதான். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன், முட்டையையும் குஞ்சையும் தாயே வாய்க்குள் வைத்துக் காப்பதால் வேகமாகப் பெருகிவிடுகிறது. கூட்டம் மிகுந்த ஏரியில் உள்ளங்கை அளவுக்கு மேல் வளர்வதும் அரிது. இதற்கு மண்புழுவோ, பிசைந்த கோதுமை மாவோ, ஒரு தக்கையோடு சிறிய முள்ளும் போதும். கட்லா, ரோகு கிடைத்தால் அவை பெரும்பாலும் குத்தகைதாரர் விட்ட குஞ்சுகளாக இருக்கும். எனவே ஏரியின் மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். பணம் கட்டியவரின் மீனை அவர் அனுமதியில்லாமல் பிடிப்பது நியாயமன்று.

விடியற்காலையே சிறந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆனால் பாசி மண்டிய ஏரியில் இரவெல்லாம் உயிர்வளி குறைந்து, விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். அப்போது இரையை அவை சீண்டுவதில்லை. வெயில் ஏறிய பின் ஏழு மணிக்கு மேல் போடுங்கள். அந்தி சாயும்போது கெளுத்தி கடிக்கும். அதன் முதுகு முள்ளும் பக்க முள்ளும் குத்தினால் கடுக்கும் என்பதால் மீனைத் துணியால் பிடித்துத்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். கழிவுநீர் கலக்கும் ஏரியானால் பிடித்த எதையும் சமைக்காதீர்கள்.

விராலைப் பற்றி ஒரு வேண்டுகோள் உண்டு. மழைக்காலத்தில் கரையோரக் கோரைகளுக்கிடையே செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலெழுந்து மூச்சு வாங்குவதைப் பார்ப்பீர்கள். அவற்றின் அடியில் காவல் நிற்கும் தாய், தந்தை மீன்கள் தவளையைக் கண்டதும் சீறிப் பாயும் என்பதால் பிடிப்பது மிக எளிது. அவற்றைப் பிடித்துவிட்டால் காவலிழந்த குஞ்சுகள் ஜிலேபிக்கும் கெளுத்திக்கும் இரையாகிவிடும். அந்தச் சிவப்புக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு மதகுப் பக்கம் போய் உட்காருங்கள்.