பத்து நாள் வெளியூர் செல்லும்போது கெஃபிர் மணிகளை எப்படிப் பாதுகாப்பது?

கெஃபிர் என்பது பாலில் மணிகளைப் போட்டுப் புளிக்கவைத்து, வடிகட்டிக் குடிக்கும் தயிர் போன்ற பானம். அந்த மணிகளைக் கழுவித் தண்ணீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தயிருக்கு உறைமோர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்ளலாம்; மணிகளோ ஏற்கெனவே இருக்கும் மணிகளிலிருந்து மட்டுமே வளரும். பாக்டீரியாக்களும் ஈஸ்டும் சேர்ந்து வாழும் அந்தக் கூட்டத்துக்குப் பாலில் உள்ள சர்க்கரைதான் உணவு. தண்ணீரில் அவை பட்டினி கிடக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வேறு இருக்கும்.

காய்ச்சி முழுவதும் ஆறவைத்த பாலைக் கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, ஒரு மேசைக்கரண்டி மணிகளுக்குக் கால் லிட்டர் என்ற கணக்கில் போட்டு, வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால், பத்து நாளுக்குக் கவலையில்லை. அதற்கும் மேல் என்றால் வாரம் ஒருமுறை யாராவது பாலை மாற்ற வேண்டும். திரும்பி வந்ததும் முதல் ஓரிரு முறை வடிகட்டும் கெஃபிரில் புளிப்பு அதிகமாகவோ ஈஸ்ட் வாடை தூக்கலாகவோ இருக்கலாம். அந்தக் கெஃபிரை மட்டும் கொட்டிவிட்டு, மணிகளைப் புதுப் பாலில் போட்டுத் தொடருங்கள். 20 முதல் 25 டிகிரி வரைதான் மணிகளுக்கு உகந்தது என்பதால், நம் சென்னை வெயிலில் 24 மணி நேரம் காத்திருக்காமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே பார்த்து வடிகட்டிவிடுங்கள்.

ஆனால் ஃபிரிட்ஜை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருந்த எங்கள் சமையலறைக்குள் வெள்ளம் புகுந்து, ஃபிரிட்ஜில் இருந்த அத்தனையையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன், உபரியாக வளர்ந்த மணிகளைக் காய்ச்சி ஆறிய நீரில் ஒருமுறை அலசி, சிறு துண்டுகளாகப் பிய்த்து, பருத்தித் துணியில் பரப்பி, எறும்பு ஏறாமல் மெல்லிய துணியால் மூடி மின்விசிறிக் காற்றில் உலர்த்தியிருந்தேன். வெயிலில் வைத்தால் சூட்டில் செத்துவிடும். ஈரக்காற்று மிகுந்த நம் ஊரில் நான்கைந்து நாளானது. பெருங்காயத் துண்டு போல மஞ்சளித்துக் கெட்டியானதும் பால் பவுடரில் புதைத்து, அண்ணா நகரில் இருக்கும் அக்காவின் ஃபிரிட்ஜில் கொடுத்துவைத்தேன்.

வெள்ளம் வடிந்த பிறகு அவற்றைக் கால் டம்ளர் பாலில் போட்டு, தினமும் பாலை மாற்றிவந்தேன். நான்கு நாள் வரை பால் பாலாகவே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் டம்ளரைச் சாய்த்தபோது பால் தடித்து நகர்ந்தது. மஞ்சள் துண்டுகள் ஓரங்களில் வெளுத்து உப்பியிருந்தன. குடிக்கும் பக்குவம் வர மேலும் ஒரு வாரம் பிடித்தது.