பள்ளிக்கு வயது என்ன?

கேள்வி: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நூற்றாண்டு மலர் போடுகிறோம். கல்வெட்டில் ஒரு வருடம், பெயர்ப்பலகையில் வேறொன்று. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். கல்வெட்டு பெரும்பாலும் கட்டடம் திறந்த நாளைத்தான் சொல்லும். பள்ளி அதற்கு முன்பே திண்ணையிலோ சத்திரத்திலோ நடந்திருக்கும். தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, சேர்க்கைப் பதிவேட்டின் முதல் தொகுதியைப் பாருங்கள். நடுநிலைப் பள்ளி உயர்நிலையானபோது சேர்க்கை எண்ணை மறுபடி 1 என்று தொடங்கியிருப்பார்கள். அந்தப் பக்கத்தையே தொடக்கம் என்று நினைத்துதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் மாணவனே எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழோடு வந்திருந்தால், பழைய பதிவேடு வேறெங்கோ இருக்கிறது. பக்கத்துத் தொடக்கப் பள்ளி பீரோவில் தேடுங்கள்.

‘மேல்நிலை’ என்ற பெயருக்கு வயது குறைவு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்ததே 1978இல். அதற்கு முன் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்பு. பழைய தாள்களில் ‘போர்டு ஹைஸ்கூல்’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம், அது ஜில்லா போர்டு, அதாவது அந்தக் கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, நடத்திய பள்ளி. அரசாணை நகலுக்கு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை அணுகலாம்.

பதிவேட்டுப் பக்கத்தை மலரில் அப்படியே அச்சிடாதீர்கள். சாதிக் கலம் அதில்தான் இருக்கிறது.